வண்டி சூடாயிடுச்சு

ஏலகிரி மலைப்பாதையில் நாலாவது முறையாக சாதுல்லா வேனை ஓரங்கட்டியதும் பால்ராஜுக்குப் பொறுமை போய்விட்டது.

"மறுபடியும் இன்னாத்துக்குப்பா நிறுத்துறே?" என்றான் பின்சீட்டிலிருந்து.

"வண்டி சூடாயிடுச்சு சார். அஞ்சே நிமிசம். எறங்கிப் பாருங்க, சோக்கா கீது" என்றார் டிரைவர் சாதுல்லா.

ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து மூன்று குடும்பங்கள் விடியற்காலையில் கிளம்பியிருந்தன. பூந்தமல்லியில் பேசி அமர்த்திய மெட்டடார் வேன். இந்த டூரை ஏற்பாடு செய்தவர் ஃபோர்மேன் நாகேந்திரன். மலை என்றால் எனக்கு உயிர் என்று ஒரு மாதமாக செக்‌ஷன் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை அவர் ஏறிய மலை பரங்கிமலை ஒன்றுதான். அதுவும் பாதிவரை.

தலைவர் என்பதால் டிரைவருக்குப் பக்கத்து சீட் அவருக்கு. கீழே இருக்கும்போது அது கௌரவமாகத்தான் இருந்தது. முதல் வளைவில் வேன் திரும்பியதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோடு காணாமல் போய், வெறும் ஆகாயம் தெரிந்தது. நாகேந்திரன் சட்டைப் பையிலிருந்த கூலிங்கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டார். வெயிலுக்கு அல்ல. உள்ளே கண்ணை மூடிக்கொள்ள.

நல்லவேளை, வண்டி அடிக்கடி சூடானது.

நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் முதலில் குதித்து இறங்கியவர் அவர்தான். பாறையில் கசிந்த ஊற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். கீழே தீப்பெட்டி அடுக்கி வைத்ததுபோல் ஊர்ந்து போன ரயிலைக் காட்டினார். ஆகா, இயற்கை என்றால் இதுதான் என்று சொல்லிக்கொண்டே பக்கத்திலிருந்த மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளும் பெண்களும் சந்தோஷமாகச் சுற்றி வந்தார்கள். அவரிடம் வேலை பார்க்கும் பால்ராஜ் மட்டும் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. உள்ளேயே உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தான்.

ஏழாவது நிறுத்தத்தில் மற்றவர்களும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். இனி தலைவர் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது. ஊற்றுத் தண்ணீரில் முகம் கழுவி, படபடப்பு அடங்கிய பிறகு நாகேந்திரன் திரும்பி வந்து சாதுல்லாவைப் பிடித்துக்கொண்டார். ஓட்டை வண்டியைக் கொண்டுவந்து எல்லார் உயிரையும் வாங்குகிறாயா, மலையில் ஓட்டிப் பழக்கம் உண்டா இல்லையா என்று குடும்பத்தார் எதிரிலேயே வாங்கு வாங்கென்று வாங்கினார். சாதுல்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வண்டியைக் கிளப்பினார்.

மேலே விடுதிக்குப் போனபோது சோறு ஆறியிருந்தது. பூந்தமல்லிக்கு ட்ரங்க் கால் போட்டு, திரும்பிப் போக வேறு டிரைவரை அனுப்பச் சொல்லவேண்டும் என்றான் பால்ராஜ். எல்லாரும் தலையாட்டினார்கள். நாகேந்திரனும் ஆட்டினார். அதை டிரைவரிடம் சொல்லும் பொறுப்பு தலைவருக்கு.

சாதுல்லா வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கோபப்படவில்லை.

"பண்ணிக்கோங்க சார். ஆனா வர்ற ஆளு கிட்ட நானே ஒரு வார்த்தை சொல்லிடறேன். ஏறறதை விட எறங்கறப்போதான் பயம் ஜாஸ்தி. அங்கங்க நிறுத்தி ஓட்டச் சொல்றேன்."

"யாருக்குப் பயம்?"

சாதுல்லா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, இடது கைச் சட்டையை மேலே சுருட்டினார். கையில் வரிசையாக நாலு நகக்குறி.

"வண்டி சூடே ஆவல சார். ஒவ்வொரு வளைவுலயும் நீங்க என் கையத்தான் புடிச்சுகினு இருந்தீங்க. ஐஸ் கணக்கா சில்லுனு இருந்திச்சு. ஃபோர்மேனுக்குப் பயம், அதான் நிறுத்தறேன்னு அத்தினி பேர் எதிர்ல எப்படி சார் சொல்றது?"

நாகேந்திரன் அந்த நகக்குறிகளையே பார்த்தார். சீட்டுக் கம்பியைப் பிடித்திருப்பதாகத்தான் இத்தனை நேரமும் நினைத்திருந்தார். வலிக்குமே என்று கேட்க வாயெடுத்தார். ஏழாவது நிறுத்தத்தில் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

சாப்பாட்டு அறைக்குத் திரும்பினார். டிரைவரிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டார்கள்.

செக்‌ஷனில் இருபது வருஷம் சத்தம் போட்டே வேலை வாங்கிய நாகேந்திரன், அன்றைக்கு மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"ட்ரங்க் கால் வேண்டாம். வண்டியில ஒரு கோளாறும் இல்ல. எனக்கு மலைன்னா பயம். நான் நடுங்கறதைப் பார்த்துதான் அவர் நிறுத்தி நிறுத்தி வந்தார். அந்த மனுஷனை நான் திட்டியிருக்கக் கூடாது."

எல்லாரும் இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் மனைவி சுசீலா மட்டும் ஆச்சரியப்படாமல் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் ஏறி டிவி ஆன்டெனாவைத் திருப்பி வைப்பது எப்போதும் அவள்தான். பிறகு ஒரு டம்ளர் மோரை அவர் கையில் கொடுத்து, டிரைவர் இன்னும் சாப்பிடவில்லை, கூப்பிடுங்கள் என்றாள்.

சாதுல்லாவை அழைத்து வந்து, தன் பக்கத்திலேயே உட்காரவைத்துச் சாப்பிட்டார் நாகேந்திரன்.

கை கழுவப் போனபோது பால்ராஜ் பின்னாலேயே வந்தான். நாளைக்கு ஃபாக்டரி முழுக்க இதைச் சொல்லிச் சிரிக்கப் போகிறான் என்று நினைத்து, நாகேந்திரன் திரும்பிப் பார்க்காமல் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பால்ராஜ் குழாயை இன்னும் கொஞ்சம் திருகித் திறந்தான். அந்தத் தண்ணிச் சத்தத்தில் மெதுவாகக் கேட்டான்.

"சார், எறங்கறப்போ அந்த முன்சீட்டை எனக்குக் கொடுக்கறீங்களா? மேல வர்ற வரைக்கும் எனக்குப் புடிச்சிக்க ஒரு கைகூட இல்ல சார்."