தைத்தது யார்

விலை உயர்ந்த கைப்பைகள் எல்லாம் இப்போது திறந்தால் பேசும். தைத்தவரின் பெயரை அவர் குரலிலேயே சொல்லும். ஆம்பூரில் அந்தப் பைகளைத் தைக்கும் என் மனைவி எஸ்தருக்கு, அவற்றில் ஒன்றை வாங்கித் தர எனக்கு வசதியில்லை. ஆசை மட்டும் உண்டு. கல்யாண நாளுக்கு ஒரு போலியை வாங்கி, அசல் என்று நீட்டினேன். பொய் சொன்னால் எனக்குக் காது சிவந்துவிடும் என்பதால், வெயிலிலும் மஃப்ளர் கட்டியிருந்தேன்.

எஸ்தர் திறந்தாள்.

"இதைத் தைத்தது நான், ஆம்பூர் எஸ்தர்," என்றது பை, அவள் குரலில்.

"பாத்தியா, நீ தச்ச பையே உன்கிட்ட வந்திருக்கு," என்று பூரித்தேன்.

அவள் தையலைத் தடவினாள். "இது நான் தச்சது இல்லங்க. கோணலா போவுது. என் குரலத் திருடி வச்சிருக்கானுங்க. அந்த மஃப்ளரக் கழட்டுங்க."

கழற்றினேன்.

"திருப்பிக் குடுத்துடறேன், எஸ்தர்."

"குடுத்தா வேற யார் தலையிலயாவது கட்டுவான், என் பேரச் சொல்லி."

கம்பெனி முத்திரையை முதலில் அறுத்து எறிந்தாள். பிறகு தையல் முழுவதையும் பிரித்து, தன் கையால் மறுபடி தைத்தாள். நான் நூல் கோத்துக் கொடுத்தேன்.

"இப்ப சொல்லட்டும்," என்று திறந்தாள்.

பை அதே வார்த்தைகளைத்தான் சொன்னது. இந்தத் தடவை யார் காதும் சிவக்கவில்லை.