குத்துக்கல்லுக்கு வெள்ளை

“கல்லுக்குத் திரும்ப வெள்ளையடிக்கணும், சார்.”

சொல்லியேவிட்டாள்.

அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே, ஆய்வுப் பட்டம் போய்விடும் என்று கூடப் படிப்பவர்கள் தலையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள்.

பேராசிரியர் கூடாரத்துக்குள் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, அதைச் சுரண்டினதே நீதானே?”

அவள்தான்.

தீவின் மேட்டில் நிற்கும் குத்துக்கல். யார் நட்டது, எந்தக் காலத்தில், ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வருடாவருடம் ஊரே சேர்ந்து சிப்பிச் சுண்ணாம்பு பூசும். சாமி என்றெல்லாம் இல்லை. பொழுது சாயும்போது கடலிலிருந்து பளிச்சென்று தெரியும். அதை நேர் வைத்து வள்ளத்தை ஓட்டினால், நீருக்கடியில் கிடக்கும் பாறையில் இடிக்காமல் கரை சேரலாம்.

சுண்ணாம்புக்கு அடியில் இருக்கும் ஆதிக் கல்லைப் பார்க்க வேண்டும் என்றாள்.

‘நம்ம புள்ள படிப்புக்குக் கேக்குது’ என்று ஊர் விட்டுக்கொடுத்தது. அண்ணி முறையான மதினி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

கல் கறுப்பாக வெளியே வந்தது. அவள் கைதட்டினாள்.

சார் வேலி போட்டு, தொடக்கூடாது என்று பலகை வைத்தார்.

அந்த வாரமே, பொழுது சாய்ந்த மசங்கல் வெளிச்சத்தில், இன்னாசி அண்ணனின் வள்ளம் பாறையில் ஏறியது. மதினியின் புருஷன்.

வள்ளம் உடைந்து கரை ஒதுங்கியது. பிறகு அவர்.

ஊரில் ஒருவரும் அவளைத் திட்டவில்லை. துட்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போனபோது மதினி கேட்டது ஒன்றுதான்.

“படிப்பு முடிஞ்சுதா புள்ள?”

அதற்குக் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

“அவனவன் போன்ல வழி பாக்குறான். இன்னும் கல்லைப் பாத்து ஓட்டினா யார் தப்பு?” சார் டீ ஆற்றியபடியே சிரித்தார். “மூவாயிரம் வருஷக் கல்லும்மா. படிக்க வச்சும் உங்க ஆளுங்களுக்குச் சுண்ணாம்புச் சட்டிதானா?”

இன்னாசி அண்ணன் மடியிலும் போன் இருந்தது. பாலித்தீன் பையில், நனையாமல். அந்தக் கடலில் அதற்கு டவர் எடுத்ததே இல்லை.

“கல்லுல கை வச்சா உன் பட்டத்தை மறந்துடு. போலீசுக்கும் நானே சொல்வேன்.”

“சொல்லுங்க சார். நான் அனுமதி கேக்க வரல. சொல்லிட்டுப் போக வந்தேன்.”

டீ ஆறிப்போனது.

வெளியே வந்தாள்.

கூடாரத்துக்குப் பின்னால் வாளியில் சுண்ணாம்பு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. சாரைப் பார்க்கப் போவதற்கு முன்பே தண்ணீர் விட்டிருந்தாள்.

வாளியின் பிடியில் துணி சுற்றித் தூக்கினாள். கனத்தது.

வள்ளங்கள் எல்லாம் கடலில் இருந்தன; பொழுது சாயும்போது திரும்பும்.

மேட்டுக்குக் குறுக்குப் பாதை மதினி வீட்டு வாசலை ஒட்டிப் போகும்.

அவள் சுற்றிப் போனாள்.