மூணாவது துப்பல்

"உங்க ஆள் என் குழந்தை மேல துப்பினா!"

டென்மார்க்கிலிருந்து வந்திருந்த அம்மாள் போட்ட சத்தத்தில், வாசலில் குழந்தைகளுக்கான நீச்சல் குளத்தைக் கலக்கிக்கொண்டிருந்த வாண்டுகள்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பின.

மேனேஜர் மீரோன் கோட்டுப் பித்தானைப் போட்டபடியே ஓடி வந்தான். துண்டு மூட்டையை அணைத்துக்கொண்டு நின்ற அர்கிரோவைப் பார்த்தான்.

"துப்பினீங்களா?"

"துப்பினேன் சார்."

தலையை நிமிர்த்தித்தான் சொன்னாள். கிரீஸின் கிரீட் தீவிலேயே இப்படி ஒரு கடற்கரை ஹோட்டல் உண்டா என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்கிறவள் அவள். பிள்ளைகுட்டிகளோடு வருகிறவர்கள் தங்கும் மாடி முழுக்க அவள் பொறுப்பு. தொட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"எதுக்குத் துப்பினேன்னு உங்களுக்குத் தெரியாதா சார்? பையன் தங்கச் சிலையாட்டம் இருக்கான். 'என்ன அழகுடா ராஜா'ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். சொன்ன கையோட துப்பலேன்னா கண்ணு பட்டுடாதா? எச்சில்கூட இல்ல, வெறும் சத்தம்தான். மூணு தடவை துப்பணும். ரெண்டு ஆனதுமே அந்தம்மா பிள்ளையைத் தூக்கிட்டு ஓடி வந்துட்டாங்க. அரைகுறையா நிக்குதேன்னு எனக்குக் கவலையா இருக்கு."

மீரோன் அந்த அம்மாள் பக்கம் திரும்பி, இங்கிலீஷில் குழைந்தான்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். படிக்காத பொம்பளை. பட்டிக்காட்டுப் புத்தி. இனிமே உங்க கண்ணுலயே பட மாட்டா."

வருகிறவர்களோடு பேசிப் பேசி அர்கிரோவுக்கு இங்கிலீஷ் நன்றாகவே புரியும். சுருக்கென்றது.

"நீங்களும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடுங்க" என்றான் மீரோன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பிள்ளை நல்லா இருக்கணும்னு செஞ்சதுக்கு மன்னிப்பா? வேற ஆளைப் பாருங்க."

"அப்போ நாளையிலேர்ந்து கீழே சலவை அறை. மாடிப் பக்கம் வரவே கூடாது. இது ஸ்டைலான ஹோட்டல், ஆட்டுக்கொட்டகை இல்ல!"

"உங்கப்பா ஆடு கட்டின இடம்தான் சார் இது" என்று சொல்லிவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் சலவை அறை இயந்திரங்களோடு சேர்ந்து அவள் மனசும் கொதித்தது. வேலை போனால் போகட்டும், மன்னிப்பு மட்டும் கிடையாது என்று இஸ்திரிப் பெட்டியிடம் நாலு தடவை சொல்லிவிட்டாள். ஆனால் இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பது? அந்த மாடியை விட்டால் அவளுக்கு வேறு உலகம் ஏது?

மத்தியானம் போன் அடித்தது. மீரோன்தான்.

"உடனே மேல வாங்க."

சீட்டைக் கிழிக்கத்தான் கூப்பிடுகிறான். போவதென்றால் ஒழுங்காகப் போவோம் என்று முகம் கழுவி, தலை வாரி, ஏப்ரனை மாற்றிக்கொண்டு ஏறினாள்.

மீரோன் சாமான் அறைப் பக்கத்து இடைவழியில் பதுங்கி நின்றான். கையில் வீல் வீலென்று அலறும் பச்சைக் குழந்தை. அவனுடைய மகள். பிறந்து நாற்பது நாள் கழிந்து சர்ச்சுக்குக் கொண்டுபோன கையோடு, ஹோட்டலில் எல்லாருக்கும் காட்ட அவன் மனைவி தூக்கி வந்திருந்தாள்.

"அக்கா..." கிசுகிசுத்தான். நேற்றுவரை இல்லாத அக்கா! "அந்த டென்மார்க்கம்மா இவளைப் பார்த்து அழகு அழகுன்னு ஓயாம சொல்லிட்டாங்க. அதுவும் நீலக் கண்ணுக்காரங்க, அவங்க கண்ணுதான் ரொம்பப் பொல்லாதாச்சே! அப்போ புடிச்ச அழுகை, நிறுத்த மாட்டேங்குது. பாலும் குடிக்கல."

"கண்ணு படாம இருக்கச் சட்டையில நீலமணி குத்திவிடலையா?"

"குத்தியிருக்கு, குத்தியிருக்கு! அது தாங்குமா? யாரும் வர்றதுக்குள்ள சட்டுனு துப்பிடுங்கக்கா."

குழந்தையைப் பார்த்ததும் அர்கிரோவுக்கு மனசு உருகிவிட்டது. ஆனாலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"துப்பறேன். ஆனா இங்க இல்ல, முன்னாடி வாங்க."

"ஐயோ, அங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க. அந்தம்மாவும் இருக்காங்க!"

"இருக்கட்டும். ஒளிஞ்சு நின்னு செய்யற காரியமா தம்பி இது?"

குழந்தை மூச்சடக்கி இன்னொரு வீறல் போட்டது. மீரோன் அவள் பின்னாலேயே நடந்தான்.

வரவேற்புக் கூடத்தின் நட்டநடுவில், அத்தனை பேர் முன்னால் அர்கிரோ குனிந்தாள்.

"த்தூ! த்தூ! த்தூ!"

குழந்தை ஒரு தும்மல் போட்டது. அழுகை நின்றது. மீரோன் விட்ட பெருமூச்சு கூடம் முழுக்கக் கேட்டது.

டென்மார்க் அம்மாள் வாயைப் பிளந்து பார்த்தாள். "உங்க குழந்தை மேலயுமா?"

மீரோன் முகம் தக்காளியாகிவிட்டது. "அது வந்து... எங்க ஊர் வழக்கம் மேடம். பிள்ளைங்களுக்குக் கண்ணு படாம இருக்க, மனசார வாழ்த்தி மூணு தடவை துப்புவாங்க. பிரியமானவங்கதான் செய்வாங்க. உங்க பையனுக்கு ரெண்டுதான் ஆச்சாம். நேத்திலேர்ந்து அவங்களுக்கு அதே கவலை."

அந்த அம்மாள் அர்கிரோவையே பார்த்தாள். பிறகு தன் பையனைத் தூக்கிவந்து அவள் முன்னால் நிறுத்தினாள்.

அர்கிரோ அவன் தலையைத் தடவி, பாக்கியை முடித்தாள். "த்தூ!" பையன் கிளுகிளுவென்று சிரித்து, திருப்பி அவள் மேல் துப்பினான்.

டென்மார்க் அம்மாளும் சிரித்தாள். மீரோனிடம் திரும்பியபோது மட்டும் அந்தச் சிரிப்பு இல்லை.

"இவ்வளவு நல்ல விஷயத்துக்கு நேத்து நீங்க ஏன் மன்னிப்புக் கேட்டீங்க?"