டிராக்டரில் பாதி

"டயரைப் பாருப்பா சம்பங்கி, வழுக்கை மண்டையாட்டம் கீது! இதுக்கா நாலாயிரம் சொல்றே?"

பாண்டுரங்கன் டிராக்டர் சக்கரத்தை பூட்ஸ் காலால் ஓர் உதை விட்டார்.

வாசலில் நின்றிருந்த அம்சவேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனின் அண்ணன்தான், இருந்தாலும் இப்படியா?

மாமனார் போய் வருஷம் திரும்பியதும் சொத்தைப் பிரித்தார்கள். தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலுக்கு வெளியே இருந்த நிலத்தை ஆளுக்குப் பாதியாக அளந்தாயிற்று. டிராக்டரை எப்படி வெட்டுவது? சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவரிடம் மாமனார் வாங்கிய பழைய வண்டி. ஒருத்தர் வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பாதி விலை கொடுத்துவிடுவது என்று பேச்சு. யாருக்கு வண்டி என்பதை மட்டும் அண்ணன் இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை.

சொல்ல வேறு வேண்டுமா? அவர் மச்சானுக்கு முல்பாகல் பக்கம் பத்து ஏக்கர் இருக்கிறது. அடிமாட்டு விலைக்கு இறக்கி, வண்டியை அங்கே கிளப்பிக்கொண்டு போகத்தான் இவ்வளவு பேச்சும். இந்த வண்டியை வாடகைக்கு ஓட்டித்தான் அவள் புருஷன் சாம்ராஜ் குடும்பம் நடத்துகிறான். அது அண்ணனுக்குத் தெரியாதா?

சாம்ராஜ் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அண்ணன் எதிரில் அவன் வாய் திறந்து அவள் பார்த்ததில்லை.

விலை மதிக்க வந்திருந்த பங்காருப்பேட்டைத் தரகர் சம்பங்கி ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். வண்டி டுபுடுபுவென்று உயிர் பிடித்தது.

"பொகையப் பாரு, மைன்ல வெடி வெச்சாப்போல! ரெண்டாயிரம் பெறும். அதுக்கு மேல ஒரு பைசா பெறாது" என்றார் பாண்டுரங்கன்.

அம்சவேணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"மண்ணெண்ணெய்ல ஓடற வண்டி மாமா. பொகை வராம பன்னீரா வரும்?"

பாண்டுரங்கன் திடுக்கிட்டுத் திரும்பினார். "நீ சும்மா இரும்மா. உனுக்குத் தெரியாது. கலப்பையத் தூக்கினா நிக்கறதில்ல, இறங்கிடுது."

"யார் சொன்னது? ஏங்க, தூக்கிக் காமிங்க!"

சாம்ராஜ் தயங்கித் தயங்கி ஏறினான். கலப்பையைத் தூக்கி, எஞ்சினை அணைத்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சம்பங்கி வெற்றிலை போட்டு, மென்று, துப்பியும் ஆயிற்று. கலப்பை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

"பாத்தீங்களா? போன மாசந்தான் டைனமோ மாத்தினாரு. ரேடியேட்டர்ல ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. நாலாயிரத்துக்குக் கொறைஞ்சு பேசினா அது நியாயமே இல்ல மாமா!"

"வேணி…" என்று சாம்ராஜ் முனகினான்.

"நீங்க சும்மா இருங்க! உங்களாட்டம் வாயில்லாதவரு இருந்தா ஊரே ஏமாத்தும்."

பாண்டுரங்கன் தலையைக் குனிந்துகொண்டார். சம்பங்கி சிரித்தார்.

"தங்கச்சி சொல்றதுதாண்ணா ஞாயம். நாலாயிரம் தாராளமாப் பெறும்."

அப்பாடா என்றிருந்தது அம்சவேணிக்கு. இவ்வளவு விலைக்கு மச்சானாவது, மாமனாவது! வண்டியே வேண்டாமென்று விட்டாலும் விடுவார்.

பாண்டுரங்கன் தரகரைத் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். ஆனால் அவர் குரல் அவளுக்கு நன்றாகவே கேட்டது.

"சம்பங்கி, அது சொன்னது இருக்கட்டும். நீ ரெண்டாயிரத்துக்கே முடி."

"அதெப்படி மாமா?" அம்சவேணி விடவில்லை. "தம்பிய ஏமாத்த உங்களுக்கு மனசு வருதா?"

பாண்டுரங்கன் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை.

"சுரங்கத்துல எறங்கற எனக்கு டிராக்டர் எதுக்கும்மா? வண்டி சாம்ராஜுக்குத்தான். நீ சொல்ற நாலாயிரத்துல பாதிய எனக்குக் குடுக்கணும்னா, அவன் எங்கம்மா போவான்?"