மூன்று கழி வாசல்

"கதவைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க தம்பி. விட்டா காத்து பிடுங்கிட்டுப் போயிடும்."

இளைஞன் இரண்டு கையாலும் டாக்ஸிக் கதவை இழுத்துச் சாத்தினான். துணியில் முடிந்த பரிசுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஜேஜு தீவுக்கு முதல் தடவையா?" என்றார் டாக்ஸி டிரைவர் மன்சிக்.

"ஆமாங்க. சியோலைத் தாண்டினதே இல்லை. நாம்வொன் போகணும்."

அவன் நீட்டிய விலாசத்தைப் பார்க்காமலே, நாம்வொன்னில் எந்த வீடு என்பதும் மன்சிக்குக்குத் தெரியும். அவருடைய வீடுதான். பையன் பெயர் இன்ஹோ. அவருடைய ஒரே மகள் யுன்ஜுவைப் பெண் கேட்டு வருகிறான். மனைவியின் போனில் படத்தைப் பார்த்திருந்தார். விமான நிலையத்தில் தனக்கு முன்னால் நின்ற டிரைவர்களிடம், "நம்ம சொந்தக்காரப் பையன்" என்று பொய் சொல்லித்தான் இவனை ஏற்றினார்.

கட்டிக்கொடுத்தால் கடல் தாண்டிக் கூட்டிப்போய்விடுவான். பிறகு பண்டிகைக்குப் பண்டிகை மகளைப் பார்த்தால் உண்டு. அதனால் காலையில் மனைவி மல்சுன்னிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்: "யுன்ஜுவைக் கூட்டிக்கிட்டு உன் அக்கா வீட்டுக்குப் போயிடு. போகும்போது வாசலுக்குக் குறுக்கே மூணு கழியும் போட்டுட்டுப் போ."

மல்சுன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த பல்லைக் கையில் எடுத்தாள்.

"என்ன விஷயமா வந்தீங்க?" என்று தெரியாதவர்போல் கேட்டார் மன்சிக்.

"பெண் கேட்க." பையனுக்குக் காது சிவந்தது.

"அடடே. அப்போ நாலு விஷயம் தெரிஞ்சுக்கணுமே. சியோல் பழக்கம் இங்க செல்லாது."

"சொல்லுங்கய்யா. புண்ணியமாப் போகும்."

மலைச்சாலையில் மூடுபனி இறங்கியிருந்தது. மன்சிக் விளக்கைப் போட்டார்.

"சாப்பிட உட்கார்ந்தா பெரியவங்க எடுக்கட்டும்னு காத்திருக்காதீங்க. நடுத்துண்டு மீனை முதல்ல நீங்க எடுத்துடணும். அவன்தான் ஆம்பளைம்பாங்க."

"சியோல்ல அப்படிச் செஞ்சா அடிப்பாங்க."

"அது சியோல். அப்புறம், மாமனாருக்கு மது ஊத்தினா ஒரு கைதான். ரெண்டு கையால ஊத்தினா, இவன் எதையோ மறைக்கிறான்னு நினைப்பாங்க."

"ஒரு கை," என்றான் இன்ஹோ.

"தோட்டத்து ஆரஞ்சு குடுப்பார். தின்னுட்டு, புளிக்குதுன்னு முகத்துக்கு நேரா சொல்லணும்."

"கோவிக்க மாட்டாரா?"

"சந்தோஷப்படுவார். உண்மை பேசுற பையன்னு."

"நல்லவேளை உங்க வண்டியில ஏறினேன்." இன்ஹோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் லேசாகக் குலுங்கியது. பயத்தில் நடுங்குகிறான் என்று நினைத்தபோது மன்சிக்குக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"அவர் ரொம்பக் கோபக்காரராங்கய்யா?"

"ரொம்ப."

"நல்லவரா?"

மன்சிக் கியரை மாற்றினார். அந்த இடத்தில் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

"ஆள் வீட்டுல இருந்தாத்தானே அதெல்லாம்," என்றார். "எங்க பக்கம் பழைய வீடுகளுக்கு வாசக்கதவு கிடையாது. ரெண்டு கல்தூண், குறுக்கே மூணு கழி. ஒரு கழியும் இல்லைன்னா நேரா உள்ள போகலாம். ஒண்ணு போட்டிருந்தா, ஆள் பக்கத்துலதான் இருக்கார், இப்ப வந்துடுவார். ரெண்டுன்னா பொழுது சாயணும். மூணும் போட்டிருந்தா வெளியூர் போயாச்சு. திரும்பிப் போயிடணும். காத்திருக்கிறது மரியாதை இல்லை."

"மூணும் போட்டிருந்தா என்ன பண்றது?"

"நானே விமான நிலையத்துல விட்டுடறேன். சாயங்காலம் காத்து கூடிடும். அப்புறம் விமானம் பறக்காது. இங்கேயே கிடக்க வேண்டியதுதான்."

"பரவாயில்லைங்க. நான் ஒரு வழிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன்."

திரும்பிப் போகவும் வழி பார்த்து வைக்காதவன் பெண்டாட்டியை என்ன வைத்துக் காப்பாற்றுவான் என்று மன்சிக் மனசுக்குள் திட்டினார்.

மலை இறங்கியதும் பனி விலகியது. கறுப்புக் கல் சுவர்களுக்கு மேலே ஆரஞ்சுகள் எட்டிப் பார்த்தன. சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தினார்.

"இதுதான் வீடு. பாருங்க, நான் சொன்னேன்ல, மூணும்..."

வாசலில் ஒரே ஒரு கழி குறுக்கே கிடந்தது. மற்ற இரண்டும் ஒரு முனை தரையில் சாய்ந்திருந்தன. உள்ளேயிருந்து மீன் குழம்பு வாசனை வந்தது.

மன்சிக் தொண்டையைச் செருமினார். "காத்துல விழுந்திருக்கும். மூணும் போட்டுட்டுத்தான் போயிருப்பாங்க."

"இல்லைங்க. ஒண்ணுதான் போட்டிருப்பாங்க." இன்ஹோ பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான். கதவை இறுகப் பிடித்திருந்தான். "ஒண்ணுன்னா வீட்டுக்காரர் பக்கத்துலதான் இருக்கார். இல்லையா?"

மன்சிக் இன்ஜினை அணைத்தார்.

"காலையில நான் விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே அத்தை போன் பண்ணிட்டாங்க. 'ஒருத்தர் வரிசையை முறிச்சுக்கிட்டு வந்து ஏத்திக்குவார். எல்லாத்தையும் தலைகீழாச் சொல்லித் தருவார். தலையை ஆட்டிக்கிட்டே வா. சாப்பிடும்போது நேர்மாறாச் செய்'னு."

அவன் சுற்றி வந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்தான். காற்று பிடுங்கப் பார்த்தது. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்தபடி தலை தாழ்த்தினான்.

"திங்கட்கிழமையிலிருந்து எனக்கு இந்தத் தீவுலேயே, சொக்விபோவுலதான் வேலை. யுன்ஜு எங்கேயும் போகமாட்டா. பார்த்து இறங்குங்க, மாமா. காத்து."