மெத்தைக்கு உரியவர்

உடலை எடுத்ததும் வீட்டைக் கழுவிவிட வேண்டும். அதற்கு முன்பே இறந்தவரின் மெத்தை வாசலைத் தாண்டியாக வேண்டும். சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் திரும்பும் நேரம் வேறு நெருங்கிவிட்டது. வீட்டு ஆள் ஒருவரின் கைரேகை இல்லாமல் தெருமுனைக் குப்பை இயந்திரம் எதையும் வாங்காது என்பதால், அழுதுகொண்டிருந்த புஷ்பலதாவையே எழுப்பி அனுப்பியிருந்தார்கள். கணவன் ராஜசேகரின் மெத்தையை அவள் இழுத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் முதுகு விட்டுப்போயிற்று.

"பொருளுக்கு உரியவர் நேரில் வர வேண்டும்" என்றது இயந்திரம், இனிக்க இனிக்க.

"உசுரோட இருந்தப்பவே ஒரு நாளும் குப்பை கொட்ட வராத மனுஷன். இப்ப எங்க இருந்து வருவாரு?"

மருத்துவமனை கொடுத்த இறப்புச் சான்றிதழை அதன் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

"வருந்துகிறோம். மெத்தை உங்கள் பெயருக்கு மாற்றப்பட்டது. நல்ல நிலையில் இருப்பதால், ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு கொண்டுவாருங்கள்."

"செத்தவர் கெடந்த மெத்தையில நான் படுக்கணுமா? அங்க எல்லாரும் வாளியும் கையுமா நிக்கிறாங்க!"

புஷ்பலதா அதன் மூடியை ஓங்கி அறைந்தாள்.

"மெத்தைக்குள் இருக்கும் பதிவைப் பார்த்தோம். மூன்று வருடங்களில் நீங்கள் இதில் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. ஆகவே ஆறு மாதக் கணக்கில் சலுகை இல்லை."

"அதுக்குப் பக்கத்துல, வெறுந்தரையில கெடந்தேன் மூணு வருஷமும்! முனகினா எந்திரிச்சு, பொரட்டிப் போட்டு, தொடச்சு விட்டு... அது உன் பதிவுல இல்லியா?"

இயந்திரம் சற்று நேரம் தேடியது.

"தரைக்குப் பதிவு கிடையாது" என்றது.