இடது பக்கத் தழும்பு

“கழுத்துல என்ன அது?”

மாமா மோரிஸ் கேட்டதும் ரூத் சோற்றிலிருந்து கையை எடுத்தாள். விடுமுறைக்கு வீடு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இடது தாடைக்குக் கீழே இருபது காசு நாணயத்தின் அளவுக்குக் கன்றிப்போயிருந்தது.

“வயலின் அழுத்துற இடம் மாமா. தினமும் ஆறு மணி நேரம் வாசிக்கிறேன்ல.”

“கட்டை பட்டா இப்படியா சிவக்கும்? யாருகிட்ட கதை விடுற? யாரு வச்ச தழும்பு இது, சொல்லு?”

ரூத்துக்குப் பத்தொன்பது வயது. பினாங்கில் மேல்நாட்டு இசைக்குழு ஒன்றில் வயலின் வாசிக்கிறாள். எழுபத்தெட்டாம் வருஷத்தில் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து அப்படிப் போன பெண் அவள் ஒருத்திதான். அது போதாதா, சந்தேகப்படுவதற்கு?

அம்மா அக்னஸ் தலையில் அடித்துக்கொண்டாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டால் பத்து வீட்டுக்குக் கேட்கும்.

அப்பா ஏசுதாசன் வயலினை எடுத்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

“அப்பா, ஈஸ்டர் முடிஞ்சதும் கச்சேரிப்பா. முதல் தடவையா தனியா வாசிக்கப் போறேன். ஒரு நாள் விட்டாலே விரல் சொன்ன பேச்சு கேக்காதுப்பா.”

“ஒண்ணும் வேணாம். வீட்ல இரு.”

பாவம், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். பிறகு மேசை விளிம்பில் விரல்களை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண்களின் கண்ணெல்லாம் அவள் கழுத்தில்தான். பீடத்தை யார் பார்த்தார்கள்?

ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நின்ற நேரம் அது. பால்வெட்டை நிறுத்திவிட்டார்கள். மரம் வெட்டிப் பால் சுமக்கும் ஏசுதாசன் இப்போது புல் வெட்டப் போய் வந்தார்.

மூன்று வாரம் கழித்து மோரிஸ் திரும்ப வந்தார். ரூத்தை வாசல் வெளிச்சத்தில் நிறுத்திக் கழுத்தைப் பார்த்தார். தழும்பு இருந்த இடமே தெரியவில்லை.

“பாத்தியா அக்னஸ்? வீட்ல அடைச்சு வச்சதும் மறைஞ்சிருச்சு. வயலினாம், வயலின். ஜித்ராவுல ஒரு பையன் இருக்கான், கிராணி வேலை, ஆபீஸுல கணக்கு எழுதுறான். ஈஸ்டர் முடிஞ்சதும் பேசி முடிச்சிடலாம்லா.”

குளித்துவிட்டு வந்த ஏசுதாசன் துண்டால் தோளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மோரிஸ் சொன்னதைக் கேட்டதும் கை அப்படியே நின்றது. தோளை விரலால் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவினார்.

பிறகு நேராகப் போய்ப் பெட்டியைத் திறந்தார். வயலினை எடுத்து மகள் மடியில் வைத்தார்.

“நாளைக்கு முதல் பஸ்ஸுல கிளம்பும்மா. கச்சேரிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு.” வில்லையும் எடுத்துக் கொடுத்தார். “அப்பாவ மன்னிச்சிரு.”

“என்ன மாப்ள இது? ஊரு என்ன பேசும்?”

ஏசுதாசன் துண்டை எடுத்துவிட்டுத் தோளைக் காட்டினார். பால் வாளிகளைச் சுமக்கும் காண்டாக் கம்பு இருபது வருஷமாக அழுத்தி, கறுத்துக் காய்த்துப்போன இடம். இப்போது தோலுரிந்து வெளுத்திருந்தது.

“மூணு வாரம் கம்பு தூக்கல. எனக்கும்தான் மறையுது. இத்தனை வருஷத்துல இது யாரு வச்ச தழும்புன்னு நீங்க ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லையே மச்சான்?”